ஆஸ்கர் கணிப்பு: பரிந்துரைகளை எண்ணினால் போதாது

மதுரை,
26.02.2025

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 97-வது ஆஸ்கர் விருதுகள் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, 13 பரிந்துரைகள் பெற்ற 'எமிலியா பெரெஸ்' படத்துக்கே சிறந்த படத்துக்கான வாய்ப்பு அதிகம் என்று முடிந்திருந்தது. எந்தப் படத்துக்குப் பரிந்துரை அதிகமோ அதுவே வெல்லும் என்ற கணக்கு நம் பத்திரிகைகளில் ஆண்டுதோறும் வருகிறது. அது பெரும்பாலும் பொய்த்துப்போவதற்குக் காரணம் ஓட்டு எண்ணும் முறையிலேயே இருக்கிறது. இந்திய நேரப்படி வரும் திங்கள் காலை 5.30 மணிக்கு விழா தொடங்குவதற்கு முன் வாசகர்கள் இதைத் தெரிந்துகொண்டால் பார்க்கும் அனுபவமே வேறாக இருக்கும். அதனால்தான் இந்த நீண்ட கடிதம். என் கணிப்பு 'அனோரா'. அதற்குக் கிடைத்தவை 6 பரிந்துரைகள்தாம்.

முதலில் பரிந்துரை எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்போம். நடிப்புக்கான பரிந்துரைகளை, ஆஸ்கர் வழங்கும் அகாடமி அமைப்பின் நடிகர் பிரிவு மட்டும் போடுகிறது, ஒளிப்பதிவுக்கு ஒளிப்பதிவாளர்கள், எடிட்டிங்குக்கு எடிட்டர்கள். பெரும்பாலான பிரிவுகளில் உறுப்பினர்கள் தங்கள் விருப்பங்களை வரிசைப்படுத்தி எழுதுகிறார்கள். ஐந்து இடங்களுக்கு 600 பேர் ஓட்டுப் போட்டால், 600-ஐ 6-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டுவார்கள். 101 முதலிடங்கள் கிடைத்த படம் உள்ளே. அதாவது ஒரு பிரிவில் ஆறில் ஒரு பங்கினர் ஒரு படத்தின் மேல் உயிராக இருந்தாலே போதும், மீதி ஐந்து பங்கினர் அதை வெறுத்தாலும் பரிந்துரை கிடைத்துவிடும். பாட்டு, நடனம், ஒப்பனை, பின்னணி இசை என எல்லாம் நிறைந்த ஒரு படம் பல பிரிவுகளில் இந்த ஆறில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்வது இயல்பு. அது ஆதரவின் அகலத்தைச் சொல்வதில்லை.

இறுதிச் சுற்றில் நிலைமை மாறுகிறது. ஏறத்தாழ 9,900 உறுப்பினர்களும் எல்லாப் பிரிவுகளுக்கும் ஓட்டுப் போடலாம். இந்த ஆண்டு மொத்தம் 23 விருதுகள். அவற்றில் 22-க்கு நம் ஊர்த் தேர்தல் முறைதான்: யாருக்கு அதிக ஓட்டோ அவருக்கு விருது. சிறந்த படத்துக்கு மட்டும் பத்துப் படங்களையும் ஒன்றிலிருந்து பத்து வரை வரிசைப்படுத்த வேண்டும். 2009-ல் வெளியான படங்களுக்காக இறுதிப் பட்டியலை ஐந்திலிருந்து பத்தாக உயர்த்தியபோது இந்த முறையையும் கொண்டுவந்தார்கள்.

எண்ணுவது எப்படி என்பதற்குச் சிறிய உதாரணம். 100 ஓட்டு, நான்கு படங்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலிட ஓட்டுகள்: அ-வுக்கு 32, ஆ-வுக்கு 28, இ-க்கு 22, ஈ-க்கு 18. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. கடைசியில் நிற்கும் ஈ வெளியேறுகிறது. அதன் 18 சீட்டுகளிலும் அடுத்த இடத்தில் எந்தப் படம் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். 2 சீட்டில் அ, 6-ல் ஆ, 10-ல் இ. இப்போது அ 34, ஆ 34, இ 32. அடுத்து இ வெளியேறுகிறது. அதன் 32 சீட்டுகளில் 22 ஆ-வுக்கும் 10 அ-வுக்கும் போகின்றன. முடிவில் ஆ 56, அ 44. முதல் எண்ணிக்கையில் முன்னால் நின்ற அ தோற்றுவிட்டது. அதைப் பிடித்தவர்களுக்கு மிகவும் பிடித்தது, பிடிக்காதவர்கள் அடியில் தள்ளிவிட்டார்கள். ஆ பலருடைய சீட்டில் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் இருந்தது. சிறந்த படத்தைக் கணிக்க விரும்புகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எந்தப் படத்தை யாரும் கீழே தள்ளமாட்டார்கள்?

கடந்த ஆண்டுகளைப் பாருங்கள். 'லா லா லேண்ட்' 14 பரிந்துரைகளுடன் வந்து 8 பரிந்துரை பெற்ற 'மூன்லைட்'டிடம் தோற்றது. 'ஜோக்கர்' 11, வென்றது 6 பரிந்துரை பெற்ற 'பாரசைட்'. 'தி பவர் ஆஃப் த டாக்' 12, வென்றது மூன்றே மூன்று பரிந்துரையுடன் வந்த 'கோடா'. 'ரோமா'வும் 'தி ஃபேவரிட்'டும் தலா 10, வென்றது 5 பெற்ற 'கிரீன் புக்'. 'ஓப்பன்ஹைமர்' போல அதிகப் பரிந்துரையும் வெற்றியும் சேர்ந்தே வந்த ஆண்டுகளும் உண்டு. ஆனால் அந்தப் படங்கள் ஹாலிவுட் தொழிற்சங்க விருதுகளையும் வரிசையாக அள்ளியிருந்தன. பரிந்துரை எண்ணிக்கையைப் பார்க்காமல் சங்கங்களை மட்டும் பார்த்திருந்தாலும் அவற்றைச் சரியாகச் சொல்லியிருக்கலாம்.

'எமிலியா பெரெஸ்' மேலே உதாரணத்தில் சொன்ன அ வகைப் படம். ஆங்கிலம் அல்லாத படம் ஒன்று 13 பரிந்துரை பெறுவது இதுவே முதல்முறை. முந்தைய உச்சம் 10. அந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மெக்ஸிகோவின் துயரத்தைப் பெரும்பாலும் பிரான்ஸில் படமாக்கியதற்காக மெக்ஸிகோ மக்களிடமிருந்தே கடும் எதிர்ப்பு வந்தது. போதாததற்கு, நாயகி கர்லா சோஃபியா காஸ்கோனின், பிறரைப் புண்படுத்தும் பழைய சமூக வலைதளப் பதிவுகள் ஜனவரி இறுதியில் வெளியே வந்தன. இறுதி ஓட்டெடுப்பு பிப்ரவரி 11 முதல் 18 வரை. அந்தச் சர்ச்சையின் சூட்டிலேயே சீட்டுகள் நிரப்பப்பட்டிருக்கின்றன. இந்தப் படத்தைப் பத்தாவதாக எழுதியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

சரி, 'அனோரா' ஏன்? பிப்ரவரி 8 அன்று ஒரே இரவில் தயாரிப்பாளர் சங்க விருதும் இயக்குநர் சங்க விருதும் அதற்குக் கிடைத்தன. ஒரு வாரம் கழித்து எழுத்தாளர் சங்க விருதும் வந்தது. இவற்றில் தயாரிப்பாளர் சங்கம்தான் முக்கியம். அவர்களும் ஆஸ்கரைப் போலவே வரிசைப்படுத்தி ஓட்டுப் போடுகிறார்கள். பத்துப் படப் பட்டியல் வந்த பின் நடந்த 15 விழாக்களில் அவர்கள் தேர்வு தவறியது மூன்று முறைதான்: 'ஸ்பாட்லைட்', 'மூன்லைட்', 'பாரசைட்' வென்ற ஆண்டுகள். அவர்கள் இரண்டு படங்களுக்குப் பரிசைப் பகிர்ந்து கொடுத்த ஆண்டையும் சேர்த்தே சொல்கிறேன். அந்த இரண்டில் ஒன்றான '12 இயர்ஸ் எ ஸ்லேவ்' ஆஸ்கரை வென்றது.

எதிர்த்தரப்பு 'கான்கிளேவ்'. பிப்ரவரி 16-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த படம், 23-ல் திரை நடிகர் சங்கத்தின் குழு நடிப்பு விருது. புதிய போப்பைத் தேர்ந்தெடுக்கும் கதை. கட்டுக்கோப்பானது, யாரையும் புண்படுத்தாதது, எந்தச் சீட்டிலும் இரண்டாம் இடத்துக்குப் பொருத்தமானது. உதாரணத்தில் வந்த ஆ இதுவாகவும் இருக்கலாம் என்பதால்தான் என் கணிப்பை 100-க்கு 65 என்று வைக்கிறேன், 90 என்று வைக்கவில்லை. இயக்குநர் எட்வர்ட் பெர்கருக்குப் பரிந்துரை இல்லை என்பதைப் பலர் காரணம் காட்டுகிறார்கள். இயக்குநர் பரிந்துரை இல்லாமலேயே 'ஆர்கோ', 'கிரீன் புக்', 'கோடா' மூன்றும் வென்றிருக்கின்றன. அந்தக் காரணம் இப்போது செல்லாது.

நடிகர் சங்க விருதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது அறிவிக்கப்பட்டது ஆஸ்கர் ஓட்டெடுப்பு முடிந்து ஐந்து நாள் கழித்து. எனவே அது யார் மனத்தையும் மாற்றியிருக்க முடியாது. அகாடமி நடிகர்களின் ரசனை எந்தப் பக்கம் என்பதற்கு ஓர் அடையாளம் மட்டுமே. அதிலும் அந்தச் சங்கத்தில் ஓட்டுரிமை உள்ளவர்கள் லட்சத்துக்கு மேல். அகாடமியின் மிகப்பெரிய பிரிவு நடிகர்கள்தாம் என்றாலும் அங்கே இருப்பது அந்தக் கூட்டத்தின் மிகச் சிறிய பகுதி. முந்தைய பத்து ஆண்டுகளில் குழு நடிப்பு விருதும் சிறந்த படமும் ஒத்துப்போனது ஆறு முறை.

2006-ஐ நினைவில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பயம் இருக்கும். 'புரோக்பேக் மவுன்டன்' தயாரிப்பாளர், இயக்குநர், எழுத்தாளர் சங்கங்கள் மூன்றையும் வென்றது. நடிகர் சங்கக் குழு விருது 'கிராஷ்' படத்துக்குப் போனது. ஆஸ்கரையும் 'கிராஷ்' கொண்டுபோனது. இந்த ஆண்டு விருதுகள் விழுந்திருக்கும் விதம் அப்படியே அதைப் போல இருக்கிறது. வேறுபாடு, அன்றைக்குச் சிறந்த படத்துக்கும் ஒற்றை ஓட்டு முறை. பலமான ஒரு சிறு கூட்டம் போதுமாக இருந்தது. இன்று அந்த வழி கிடையாது.

'அனோரா'வை நாலாபுறமும் விரும்புவதற்குப் படத்துக்குள்ளேயே காரணம் இருக்கிறது. பணக்கார மகனின் ரகசியத் திருமணத்தை முறிக்க ஆட்கள் வீட்டுக்குள் வரும் நீண்ட காட்சியைக் கவனியுங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. ஆட்கள் திணறுவதில் சிரிப்பு வருகிறது. அதே நேரத்தில் பூட்டிய வீட்டில் ஒரு பெண் தனியாக நிற்கிறாள் என்ற பயம் போகவே இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது யுரா போரிசோவின் முகம். வந்தவர்களில் அதிகம் பேசாத ஒருவன், அவளை மனுஷியாகப் பார்க்கும் ஒரே ஆள். பேசுகிறவர்களை விட்டு அவன் பார்வைக்கு எப்போது வெட்ட வேண்டும் என்பதில்தான் அந்தக் காட்சியே நிற்கிறது. வெட்டியவர் இயக்குநர் ஷான் பேக்கரே. எழுத்து, இயக்கம், எடிட்டிங், தயாரிப்பு நான்கிலும் அவர் பெயர் பரிந்துரையில் இருக்கிறது. செலவு 60 லட்சம் டாலர். கான் விழாவில் 'தங்கப் பனை' விருதை வென்ற படம்.

இருந்தாலும் எனக்கு ஓட்டு இருந்தால் முதலிடத்தில் 'நிக்கல் பாய்ஸ்' என்று எழுதுவேன். கறுப்பினச் சிறுவர்களைச் சீர்திருத்தப் பள்ளியில் வதைத்த கதையை, இரண்டு சிறுவர்களின் கண்களையே கேமராவாக்கி ரமெல் ராஸ் சொல்கிறார். சாப்பாட்டுக் கூடத்தில் எல்வுட்டும் டர்னரும் முதலில் சந்திக்கும் காட்சி எல்வுட்டின் கண் வழியே வருகிறது. உடனே அதே காட்சி டர்னரின் கண் வழியே திரும்ப வருகிறது. அதுவரை நாம் யாராக இருந்து பார்த்தோமோ அந்தச் சிறுவனின் முகத்தை அப்போதுதான் எதிரிலிருந்து பார்க்கிறோம். இதைப் படமாக்கிய ஜோமோ ஃப்ரேவுக்கு ஒளிப்பதிவுப் பரிந்துரை கிடைக்காதது இந்த ஆண்டின் மிகப்பெரிய அநீதி என்பேன். இரண்டு பரிந்துரைகள்தாம் படத்துக்கு, வெல்ல வழி இல்லை.

இயக்குநர்: ஷான் பேக்கர். பாஃப்டாவும் கோல்டன் குளோபும் 'தி புரூட்டலிஸ்ட்' இயக்குநர் பிராடி கார்பெட்டுக்குப் போயின. ஆனால் அமெரிக்க இயக்குநர் சங்கத் தேர்வும் ஆஸ்கரும் 1948 முதல் எட்டு முறைதான் வேறுபட்டிருக்கின்றன. என் ஓட்டு கார்பெட்டுக்கு. ஒரு கோடி டாலருக்கும் குறைவான செலவில், இடைவேளையோடு சேர்த்து 215 நிமிடப் படத்தை இவ்வளவு பெரிய அளவில் காட்டியது பெரிய காரியம்.

நடிகைக்கான விருதில்தான் என் தூக்கம் கெடுகிறது. 'தி சப்ஸ்டன்ஸ்' டெமி மூர், 'அனோரா'வின் மைக்கி மேடிசன், 'ஐ ஆம் ஸ்டில் ஹியர்' பெர்னாண்டா டோரஸ். மூருக்கு இசை/நகைச்சுவைப் பிரிவில் கோல்டன் குளோப், விமர்சகர் தேர்வு, நடிகர் சங்கம். மேடிசனுக்கு பாஃப்டா. டோரஸுக்கு நாடகப் பிரிவில் கோல்டன் குளோப். நாற்பது ஆண்டுகள் நடித்தும் முதல்முறை பரிந்துரை பெற்றவர் மூர் என்பதால் பரிவு அலை அவர் பக்கம். ஆனால் 2019-ஐப் பாருங்கள். ஏழாவது பரிந்துரையுடன் வந்த கிளென் குளோஸுக்கும் கோல்டன் குளோப், நடிகர் சங்கம் இரண்டும் கிடைத்தன. பரிவு அலை முழுக்க அவர் பக்கம்தான். பாஃப்டா வாங்கிய ஒலிவியா கோல்மன் ஆஸ்கரை எடுத்துக்கொண்டு போனார். ஏன் என்றால் 'தி ஒய்ஃப்' படத்துக்கு குளோஸ் தவிர ஒரு பரிந்துரையும் இல்லை. உறுப்பினர்கள் பலர் அந்தப் படத்தைப் பொருட்டாகவே கொள்ளவில்லை. கோல்மன் நடித்த 'தி ஃபேவரிட்'டுக்கோ 10 பரிந்துரைகள். இந்த இடத்தில்தான் மூர் வேறுபடுகிறார். அவர் படத்துக்கு சிறந்த படம், இயக்குநர் உட்பட 5 பரிந்துரைகள். படம் பார்க்கப்பட்டிருக்கிறது. மறுபுறம் 'அனோரா' அலை பெரிதாக அடித்தால் மேடிசனையும் தூக்கிக்கொண்டு போகும். மூர் 50, மேடிசன் 35, டோரஸ் 15 என்று பிரிக்கிறேன். கட்டத்தில் மூர் பெயரை எழுதுகிறேன், நடுக்கத்தோடு. என் ஓட்டு டோரஸுக்கு. ராணுவ ஆட்சி கணவனைக் கொண்டுபோன பின், பத்திரிகைக்குப் புகைப்படம் எடுக்க வந்தவர் சோகமாக நிற்கச் சொல்லும்போது குடும்பத்தையே சிரிக்கச் சொல்லும் அந்த அம்மாவை, அழுகை ஒரு சொட்டும் இல்லாமல் செய்திருக்கிறார். அவருடைய தாய் பெர்னாண்டா மாண்டினெக்ரோவும் இதே இயக்குநர் வால்டர் சாலஸின் படத்துக்காக 1999-ல் இதே விருதுக்குப் பரிந்துரை பெற்றுத் தோற்றவர்.

நடிகர்: 'தி புரூட்டலிஸ்ட்' நாயகன் ஏட்ரியன் பிராடி. நடிகர் சங்க விருதை 'எ கம்ப்ளீட் அன்னோன்' நாயகன் டிமதி ஷாலமே வென்றதால் திடீர்ப் பரபரப்பு. அவர் வென்றால் இந்த விருதை மிக இளம் வயதில் வாங்கியவர் ஆவார். இப்போது அந்தச் சாதனை யார் கையில் இருக்கிறது என்றால், 2003-ல் 29 வயதில் வாங்கிய இதே பிராடியிடம்தான். பிராடி படத்தில் பேசும் ஹங்கேரிய உச்சரிப்பைச் செயற்கை நுண்ணறிவால் திருத்திய விவகாரம் ஜனவரியில் வெடித்தது. அதற்குப் பிறகும் விமர்சகர் தேர்வும் பாஃப்டாவும் அவருக்கே கிடைத்தன. ஆகவே அது பெரிதாகப் பாதிக்கவில்லை. என் ஓட்டும் அவருக்கே.

துணை நடிகர், துணை நடிகை இரண்டிலும் போட்டியே இல்லை. கீரன் கல்கின், ஸோயி சல்டான்யா. கோல்டன் குளோப், விமர்சகர் தேர்வு, பாஃப்டா, நடிகர் சங்கம் என முன்னோட்ட விருதுகள் நான்கையும் இருவருமே வாங்கிவிட்டார்கள். வருத்தம் வேறொன்று. 'எ ரியல் பெயின்' இருவரின் கதை, கல்கின் அதில் ஒருவர். 'எமிலியா பெரெஸ்' தொடங்குவதே சல்டான்யாவின் பாத்திரத்தில்தான். முதன்மைப் பாத்திரங்களைத் துணைப் பிரிவில் நிறுத்துவது படநிறுவனங்களின் உத்தி. விதிப்படி எந்தப் பிரிவு என்று தீர்மானிக்கும் உரிமை ஓட்டுப் போடுகிறவர்களுக்கு இருந்தும் அவர்கள் நிறுவனம் காட்டிய பிரிவிலேயே குத்திவிடுகிறார்கள். உண்மையான துணை நடிகர்களான போரிசோவுக்கும், 'எ கம்ப்ளீட் அன்னோன்' படத்தின் மோனிகா பார்பரோவுக்கும் என் ஓட்டு.

தழுவல் திரைக்கதை 'கான்கிளேவ்'. எழுத்தாளர் சங்கத்தில் 'நிக்கல் பாய்ஸ்' வென்றதே என்று யாராவது கேட்டால், அங்கே 'கான்கிளேவ்' பட்டியலிலேயே இல்லை என்று சொல்லுங்கள். அந்தச் சங்கம் தன் ஒப்பந்தத்துக்கோ தோழமைச் சங்கங்களின் ஒப்பந்தத்துக்கோ உட்பட்ட எழுத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். அசல் திரைக்கதை 'அனோரா'.

தொழில்நுட்பப் பிரிவுகளில் வேகமாகப் போகலாம். ஒளிப்பதிவு 'தி புரூட்டலிஸ்ட்': லால் கிராலி அதை விஸ்டாவிஷனில் எடுத்தார். 35 மி.மீ. பிலிமைப் படுக்கையாக ஓட்டி, ஒரு கட்டத்துக்கு எட்டுத் துளை அகலம் எடுத்துக்கொள்ளும் 1954-ம் ஆண்டு முறை அது. ஒளிப்பதிவாளர் சங்கம் 'மரியா'வுக்குக் கொடுத்திருக்கிறது, ஆனால் முழு அகாடமியில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் குறைவாகவே இருப்பார்கள். அரங்க அமைப்பும் உடையும் 'விக்கட்'. ஒப்பனை 'தி சப்ஸ்டன்ஸ்'. ஒலி 'டியூன்: பார்ட் டூ'. பின்னணி இசை 'தி புரூட்டலிஸ்ட்'. 'டியூன்' இசையில் முந்தைய பாகத்தின் இசை அதிகம் என்பதால் அது தகுதியே பெறவில்லை. பாடல் 'எமிலியா பெரெஸ்' படத்தின் 'எல் மால்'.

காட்சி விளைவுகளில் ஒரு பொறி இருக்கிறது, பலர் விழுவார்கள். காட்சி விளைவுக் கலைஞர்கள் சங்கம் இந்த ஆண்டு 'கிங்டம் ஆஃப் த பிளானெட் ஆஃப் த ஏப்ஸ்' படத்துக்குத் தலைமைப் பரிசு கொடுத்திருக்கிறது. இதே வரிசையின் 2011, 2014, 2017 படங்களும் அந்தச் சங்கத்தின் தலைமைப் பரிசை வென்றன. மூன்றும் ஆஸ்கரில் தோற்றன. குரங்கின் தோலும் ரோமமும் எவ்வளவு கடினம் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குப் புரியும். பத்தாயிரம் பேர் ஓட்டில் பெரிய படமே முந்தும். 'டியூன்' என்று எழுதுங்கள்.

அனிமேஷனில் பெரும்பாலோர் 'தி வைல்ட் ரோபோ' என்கிறார்கள். அனிமேஷன் துறையின் ஆனி விருதும் தயாரிப்பாளர் சங்க விருதும் அதற்கே. நான் 'ஃப்ளோ' என்கிறேன். சென்ற ஆண்டு ஸ்பைடர்மேன் படம் இதே இரண்டு விருதுகளையும் வைத்திருந்தது. கோல்டன் குளோப் வாங்கிய ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் படம் ஆஸ்கரைத் தட்டிச் சென்றது. இந்த ஆண்டு கோல்டன் குளோப் 'ஃப்ளோ'வுக்கு. அகாடமியில் அமெரிக்காவுக்கு வெளியே வாழும் உறுப்பினர்கள் பெருகியிருக்கிறார்கள். வசனமே இல்லாத படத்துக்கு மொழித்தடையும் இல்லை. லாட்வியாவின் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ், யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய பிளெண்டர் மென்பொருளில் செய்த படம் இது. வெள்ளத்தில் படகேறும் பூனை மனிதனைப் போல முகம் சுளிப்பதில்லை, பூனையாகவே காதைத் திருப்புகிறது, பூனையாகவே பயப்படுகிறது. சென்னையிலும் கோவையிலும் அனிமேஷன் படிக்கும் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டும். கணிப்பு, விருப்பம் இரண்டும் ஒன்றாக வரும் இடம் எனக்கு இது.

சர்வதேசப் படம் 'ஐ ஆம் ஸ்டில் ஹியர்'. பாஃப்டா 'எமிலியா பெரெஸ்' பக்கம் போனாலும் பிரேசில் படம் சிறந்த படப் பட்டியலிலும் இருக்கிறது, சரியான நேரத்தில் மேலேறி வருகிறது. பிரேசிலுக்கு இதற்கு முன் இந்த விருது கிடைத்ததில்லை. ஆவணப்படம் 'நோ அதர் லேண்ட்'. அமெரிக்காவில் விநியோகஸ்தர் கிடைக்காமலேயே இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

குறும்படங்களில் 'அனுஜா' வெல்லும் என்று நம் ஊடகங்கள் எழுதுகின்றன. டெல்லி ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் சிறுமியின் கதை. முதுமலை தெப்பக்காடு முகாமில் எடுக்கப்பட்டு 2023-ல் விருது வாங்கிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' தயாரிப்பாளர் குனீத் மோங்கா இதிலும் இருக்கிறார். ஆசை எனக்கும் உண்டு. ஆனால் குறும்படங்களை நாடுகள் அனுப்புவதில்லை. தகுதியான விழாவில் பரிசு பெற்றோ திரையரங்கில் ஓடியோ அவை தாமாக வருகின்றன. எனவே 'இந்தியாவின் நுழைவு' என்று எழுதுவது சரியல்ல. குடியேற்ற நேர்காணலுக்குப் போகும் தம்பதியின் கதையான 'எ லீன்' இன்றைய அமெரிக்காவில் கூடுதலாக உறுத்தும். அதை எழுதுகிறேன். அனிமேஷன் குறும்படம் 'வாண்டர் டு வொண்டர்', ஆவணக் குறும்படம் 'தி ஒன்லி கேர்ள் இன் தி ஆர்கெஸ்ட்ரா'. இம்மூன்றிலும் என் நம்பிக்கை பாதிக்கும் கீழே.

நண்பர்களோடு கணிப்புப் போட்டி வைப்பவர்களுக்கு: 23 பிரிவுகளுக்கும் ஒரே மதிப்பெண் கொடுக்காதீர்கள். மிக உறுதியானதற்கு 23, அடுத்ததற்கு 22 என்று இறங்கி, குருட்டு யூகத்துக்கு 1 வையுங்கள். என் வரிசையில் கல்கினுக்கு 23, சல்டான்யாவுக்கு 22, 'விக்கட்' உடைக்கு 21, 'கான்கிளேவ்' திரைக்கதைக்கு 20. சிறந்த படம் நடுவில் 12-ல் நிற்கிறது. நடிகை 5. குறும்படங்கள் 3, 2, 1. மனத்துக்குப் பிடித்த படத்துக்குப் பெரிய எண்ணைக் கொடுப்பதுதான் இந்தப் போட்டியில் எல்லோரும் தோற்கும் இடம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு கணிப்பு வெளியிடும்போது 'வெல்லப் போவது', 'வெல்ல வேண்டியது' என்று இரண்டு பத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு உறுதி என்ற எண்ணையும் அச்சிடுங்கள். சங்க விருதுகளின் தேதியும் ஓட்டெடுப்பு முடியும் தேதியும் ஒரு சிறு கட்டத்தில் இருந்தால் வாசகர்கள் தாங்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

திங்கள் காலை பார்க்கிறவர்கள் எடிட்டிங் விருதைக் கவனியுங்கள். பெரிய விருதுகளுக்கு முன்பே அது வந்துவிடும். நான் 'கான்கிளேவ்' என்று எழுதியிருக்கிறேன், பாஃப்டாவும் அதற்கே கொடுத்தது. அது வென்றால் போட்டி கடைசி உறை வரை உயிரோடு இருக்கிறது என்று பொருள். 'அனோரா' தோற்றுவிட்டது என்று பொருளல்ல, 2014 முதல் 2022 வரை நடந்த எந்த விழாவிலும் எடிட்டிங்கும் சிறந்த படமும் ஒரே படத்துக்குப் போகவில்லை. ஆனால் மேடையேறுவது ஷான் பேக்கராக இருந்தால், சிறந்த படம் முடிந்த கதை. நடிகைக் கட்டத்தில் நான் எழுதிய மூரின் பெயரையும் அப்போதே அடித்துவிட்டு மேடிசன் என்று திருத்திக்கொள்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நீண்டகால வாசகர்